தக்கலையில் ஓர் ஆவண எழுத்தர்: வட்டியில்லாக் கூட்டு ஒப்பந்தமும் அதற்குள் நுழையும் அரசும்

குமரி மாவட்டம் தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பிரியும் சாலைப் பக்கம், பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றின் முன்னறையில் பெரியவர் ஒருவர் ஆவண எழுத்தராக இருக்கிறார். கூட்டு வியாபாரத்துக்கு ஒப்பந்தம் எழுத வேண்டியவர்களுக்கு, அதிலும் வட்டி கலவாமல் எழுத விரும்புகிறவர்களுக்கு, இந்த அலுவலகத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். விளம்பரம் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை. கட்டணத்தையும் காத்திருப்பையும் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். ஆயினும் இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அவர் எழுதித் தந்த ஷரத்துகளைப் பற்றியதாகவே இருக்கும். இருவர் மனமொத்துச் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்குள் அரசு எந்த இடத்தில், எந்த உரிமையில் நுழைகிறது என்பதை அவர் அளவுக்குத் தெளிவாக எடுத்துக்காட்டியவரை, அரசியல் தத்துவத்தைப் பல ஆண்டுகள் கல்லூரியில் பாடமாக நடத்திய நான் இதற்குமுன் கண்டதில்லை.

எங்கள் தேவை இதுதான். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை ஒன்றை நடத்துவதென்று நானும் திருவிதாங்கோட்டைச் சேர்ந்த நண்பர் ஒருவரும் முடிவு செய்தோம். பணம் முழுவதும் அவருடையது. சிறு தோட்டக்காரர்களிடம் பால் எடுப்பது, ஆசிட் விட்டு உறைய வைப்பது, ரோலரில் ஷீட் அடிப்பது, புகை போட்டு உலர்த்துவது, தரம் பிரித்து விற்பது எல்லாம் என் பொறுப்பு. இலாபத்தில் அவருக்கு 60 சதவீதம், எனக்கு 40 சதவீதம். நட்டம் வந்தால் போட்ட பணம் அவருக்கு நட்டம், பட்ட பாடு எனக்கு நட்டம். அதற்குமேல் ஒருவரையொருவர் கேட்பதில்லை. இஸ்லாமியச் சட்டவியலில் இந்த ஏற்பாட்டுக்கு முளாரபா என்று பெயர். மக்கத்து வணிகர்களிடம் இஸ்லாத்துக்கு முன்பே வழங்கிவந்த இந்த முறையை, பிற்காலச் சட்ட அறிஞர்கள் நுணுக்கமாக ஒழுங்குபடுத்தினார்கள். இடைக்கால ஜெனோவா, வெனிஸ் வணிகர்கள் கொமெண்டா என்ற பெயரில் ஏறத்தாழ இதையே கையாண்டார்கள். ஆகவே நாங்கள் கேட்டது புதுமையான ஒன்றன்று.

இருந்தும், முதலில் நாங்கள் அணுகிய வேறோர் அலுவலகத்தில் அச்சடித்துவைத்த மாதிரிப் பத்திரம் ஒன்றில் எங்கள் பெயர்களை நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் பங்குதாரரின் மூலதனத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி என்று ஒரு ஷரத்து இருந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், கூட்டு நிறுவனம் தன் பங்குதாரருக்குக் கொடுக்கும் வட்டியில் 12 சதவீதம் வரை செலவாகக் கழித்துக்கொள்ள இடமளித்ததால், அந்த எண் நாட்டின் கூட்டுப் பத்திரங்கள் பலவற்றில் கேட்பாரின்றி ஒட்டிக்கொண்டது. வரிச் சலுகைக்காக அரசு வகுத்த வரம்பு ஒன்று, வட்டியே வேண்டாம் என்கிற ஒரு மனிதரின் ஒப்பந்தத்துக்குள் அவர் அறியாமலே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அரசின் அதிகாரம் தடைகளாக மட்டும் வருவதில்லை, மாதிரிப் படிவங்களாகவும் வருகிறது. நண்பர் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்தார். அவர் மறுத்ததே முறை.

தக்கலைப் பெரியவரிடம் மாதிரிப் படிவம் என்று எதுவும் இல்லை. எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, முதலில் கேள்விகளை மட்டுமே கேட்டார். ரப்பர் விலை விழுந்து ஷீட் தேங்கினால் என்ன செய்வீர்கள்? மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று வேலையாளுக்குக் கூலி மட்டும் கொடுக்க வேண்டியிருந்தால் அது எந்தக் கணக்கில் போகும்? உங்களில் ஒருவர் இறந்தால் அவர் மகன் புகைப்புரைக்கு வந்து உட்கார உரிமை உண்டா? நண்பர் சற்றுச் சங்கடத்தோடு, "எங்களுக்குள்ள சண்டையெல்லாம் வராது அண்ணாச்சி" என்றார். "சண்டை வராதுன்னா ஆதாரமே வேண்டாம் மக்களே, வரும்னு நெனச்சுத்தான் நான் எழுதணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். பத்திரத்துக்கு இங்கே ஆதாரம் என்று பெயர்.

அவருடைய முறையில் என்னை மிகவும் கவர்ந்தது இன்னொன்று. ஒரு ஷரத்தினால் யார்மீது கடமை விழுகிறதோ, அவர் அதைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் எழுதுவார். மாதாமாதம் கணக்குக் காட்டும் கடமை என்னுடையது என்பதால் நானே சொன்னேன், அவர் எழுதினார், எழுதியதை உரக்கப் படித்துக்காட்டினார். இதைப் பார்த்த நண்பர், குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 282-ஆம் வசனத்தை நினைவுபடுத்தினார். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அது. பேசுவதோ கடன் எழுதும் முறையைப் பற்றி. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், எழுத மறுக்கக் கூடாது. கடமைப்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிப்படையக் கூடாது. கைக்குக் கை மாறும் உடனடி வியாபாரத்துக்கு எழுத்து தேவையில்லை. எழுதுபவருக்கோ சாட்சிக்கோ தீங்கு செய்யக் கூடாது. இவ்வளவும் ஒரே வசனத்தில் உள்ளவை. பெரியவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். இந்த முறையைத் திருவிதாங்கூர் காலத்தில் ஆதாரம் எழுதிய தம் தகப்பனாரிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

அந்த வசனத்தில் எழுதுபவர் இருக்கிறார், சாட்சிகள் இருக்கிறார்கள், இறையச்சம் இருக்கிறது, அரசர் இல்லை. பெரும்பாலான சட்ட அறிஞர்கள் எழுதச் சொன்ன கட்டளையைக் கட்டாயமென்று கொள்ளாமல் நல்லதென்ற அளவிலேயே கொண்டார்கள். எழுதப்படாததனால் மட்டும் ஒரு கடன் செல்லாமற் போவதில்லை. 'ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள்' என்று ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வசனம் கூறுவதும் நம்பிக்கையாளர்களை நோக்கித்தான், ஆட்சியாளர் வழியாக அன்று. செல்லும் ஒப்பந்தம் எது, செல்லாதது எது என்ற விதிகளைச் சட்ட அறிஞர்கள் வகுத்தார்கள். நீதிபதியான காழி அவற்றைக்கொண்டு தீர்ப்பளித்தார். முஹ்தஸிப் சந்தையில் எடையையும் அளவையும் கலப்படத்தையும் கண்காணித்தார். ஆட்சியாளரின் வேலை இந்த அமைப்பை நிலைநிறுத்துவது. விலைவாசி உயர்ந்தபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டியும் நபிகள் நாயகம் அதற்கு இணங்கவில்லை என்ற நபிமொழி, ஆட்சியின் கை எங்கே நிற்க வேண்டும் என்பதற்குப் பலராலும் சான்றாகக் காட்டப்பட்டது. பதுக்கலும் கூட்டுச்சதியும் உள்ள சந்தையில் ஆட்சியாளர் விலையை நிர்ணயிக்கலாம் என்று 1328-இல் மறைந்த சட்ட அறிஞர் இப்னு தைமிய்யா வாதிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேற்கில் இதற்கு நேரெதிரான குரலை 1651-இல் 'லெவியத்தான்' நூலை வெளியிட்ட ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸிடம் கேட்கிறோம். வாள் இல்லாத உடன்படிக்கைகள் வெறும் சொற்களே என்ற அவருடைய கூற்றை எல்லோரும் அறிவர். அதே நூலில் அதிகம் பேசப்படாத இன்னோர் இடமும் உண்டு. வாங்குதல், விற்றல், கடன் கொடுத்தல், வாடகைக்கு விடுதல் என மக்களுக்கிடையே நடக்கும் எல்லா ஒப்பந்தங்களும் எந்த முறையில் செய்யப்பட வேண்டும், எந்தச் சொற்களாலும் அடையாளங்களாலும் செல்லுபடியாகும் என்று வகுப்பது இறையாண்மை உடையவரின் உரிமை என்கிறார் அவர். முத்திரைத்தாள், கைரேகை, பதிவு எண் ஆகியவற்றோடு வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே நூற்றாண்டின் இன்னோர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் இதற்கு உடன்படவில்லை. அமெரிக்கக் காட்டில் ஒரு சுவிட்சர்லாந்துக்காரரும் ஒரு பழங்குடி இந்தியரும் செய்துகொள்ளும் பண்டமாற்று உடன்பாடு, அங்கே அரசு என்ற ஒன்றே இல்லாதபோதும் இருவரையும் கட்டுப்படுத்தும். சொன்ன சொல்லைக் காப்பது மனிதர் மனிதராக இருப்பதனால் வரும் கடமை என்றார். இந்த இடத்தில் லாக் ஹாப்ஸைவிட இஸ்லாமிய அறிஞர்களுக்கு அருகில் நிற்பதாகவே எனக்குப் படுகிறது. மேற்கு ஒரு பக்கம், இஸ்லாம் மறுபக்கம் என்று கோடு கிழித்துப் பேசும் வழக்கத்தை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம்.

நட்டத்தைப் பற்றிய ஷரத்துக்கு வந்தபோது இந்த வேறுபாடு ஏட்டைவிட்டு இறங்கி எங்கள் மேசைக்கு வந்தது. 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, பங்குதாரர்கள் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் இலாபமும் நட்டமும் சமம்; வேறுவிதமாகப் பேசிக்கொள்ள முழு உரிமை உண்டு. ஆகவே மூலதன நட்டம் முழுவதும் நண்பருடையது என்று எழுதுவதில் தடை ஏதும் இல்லை. ஆனால் வெளியாருக்கு நிறுவனம் பட்ட கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் தனித்தும் சேர்ந்தும் பொறுப்பு என்று 25-ஆம் பிரிவு சொல்கிறது. அதை எங்கள் பத்திரத்தில் எழுதும் எந்த வாசகத்தாலும் மாற்ற முடியாது. முளாரபாவிலோ, பணம் போட்டவரின் பொறுப்பு போட்ட பணத்தோடு நின்றுவிடும். அவருடைய வெளிப்படையான அனுமதியின்றி, உழைப்பவர் வியாபாரத்தின் பேரில் கடன் வாங்கக் கூடாது என்று இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளுள் ஒன்றான ஹனஃபி மரபின் அறிஞர்கள் வகுத்திருக்கிறார்கள்.

பெரியவர் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார். குறிப்பிட்ட தொகைக்கு மேல் கடனுக்குச் சரக்கு எடுப்பதானால் இருவரின் கையெழுத்தும் வேண்டும். மீறி எடுத்தால் அந்தக் கடன் என் சொந்தக் கணக்கில் சேரும். வெளியார் நண்பரிடம் வசூலித்துவிட்டால் நான் அவருக்கு ஈடு செய்ய வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை அறியாத வெளியாரை இது கட்டுப்படுத்தாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். "உங்களுக்குள்ள என்ன வேணும்னாலும் எழுதலாம், ஊராருக்கு எதிரா எழுத முடியாது" என்றார். ஒப்பந்த உரிமையின் எல்லையை வகுப்பறையில் நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நண்பர் தம் பொறுப்பு மூலதனத்தோடு நிற்க வேண்டும் என்று அழுத்திக் கேட்டபோது, வேறு இரண்டு வழிகளையும் எடுத்துச் சொன்னார். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மையாகப் பதிவு செய்வது ஒன்று. அதற்குத் தணிக்கையாளரிடம் போக வேண்டும், செலவும் ஆண்டுக் கணக்குகளும் கூடும். மற்றொன்று, பணத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டு இலாபத்தில் பங்கு பெறுவது; கடன் கொடுத்தவர் இலாபத்தில் பங்கு பெறுவதனால் மட்டும் பங்குதாரராகிவிட மாட்டார் என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு கூறுகிறது. அரசின் சட்டத்தில் இதுவே மிக எளிய வழி. ஷரீஅத்தில் இதுவே மூடிய வழி. அசல் திரும்பி வருவது உறுதியாகி, அதற்குமேல் நிபந்தனையாக ஆதாயமும் வந்தால் அது வட்டி. நட்டத்தை ஏற்கத் துணிந்தவருக்கே இலாபம் என்பதுதான் முளாரபாவின் அடிப்படை. நண்பர் இந்த வழியை உடனே மறுத்தார். பெரியவர் அவரை வற்புறுத்தவுமில்லை, 'எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்' என்று சொல்லவுமில்லை.

வட்டியைப் பொறுத்தவரை இரு மரபுகளின் வரலாறும் நேர்கோட்டில் செல்லவில்லை. கிறிஸ்தவ ஐரோப்பா பல நூற்றாண்டுகள் வட்டியைப் பாவமென்று தடுத்தது. பிறகு உச்சவரம்போடு அனுமதித்தது. 1854-இல் இங்கிலாந்து அந்த வரம்புகளை நீக்கியது. மறு ஆண்டே இந்தியாவிலும் அவை நீக்கப்பட்டன. இருவர் மனமொத்துப் பேசிய வட்டியில் அரசுக்கு என்ன வேலை என்ற சிந்தனை உச்சத்தில் இருந்த காலம் அது. 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரொட்டித் தொழிலாளர்களின் வேலைநேரத்தை வாரத்துக்கு 60 மணி என்று வரையறுத்த நியூயார்க் சட்டத்தை, ஒப்பந்த உரிமைக்கு விரோதமென்று செல்லாததாக்கியதும் அதே சிந்தனையின் விளைவுதான். 1937-இல் அந்த நீதிமன்றமே அந்தப் போக்கைக் கைவிட்டது. இஸ்லாமிய உலகில் 16-ஆம் நூற்றாண்டு ஒட்டோமான் (துருக்கிய) பேரரசின் தலைமை முஃப்தியாக, அதாவது மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தலைமை அறிஞராக இருந்த எபுஸ்ஸுஊத், பணத்தைக் கடன் கொடுத்து அதன் ஆதாயத்தில் அறம் செய்யும் வக்ஃபுகளை அங்கீகரித்தார். பலர் கடுமையாக எதிர்த்தனர். சட்ட அறிஞர் சன்ஹூரி வடிவமைத்து 1948-இல் வெளியான எகிப்தியக் குடிமைச் சட்டம், தாமதமாகச் செலுத்தும் தொகைக்கு 4, 5 சதவீத வட்டியை ஏற்றுக்கொண்டது. நம் தமிழ்நாட்டிலோ 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. வட்டிக்கு இசைந்துதானே வாங்கினாய் என்ற வாதம் கந்துவட்டிக்காரரிடம் எப்போதும் தயாராக இருக்கும். கடன்பட்டு நெரிபடும் குடும்பங்களைப் பார்த்தவர்கள் யாரும் அந்த இசைவைச் சுதந்திரமென்று சொல்லமாட்டார்கள். இந்த இடத்தில் அரசு நுழைய வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

நண்பர் கேட்ட ஒரு ஷரத்தைப் பெரியவர் ஏற்கவில்லை. கூட்டு பிரிந்தால் நான் குமரி மாவட்டத்தில் ஆயுள் முழுவதும் ரப்பர் வியாபாரம் செய்யக் கூடாது என்று எழுதச் சொன்னார் நண்பர். தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவில் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. கூட்டிலிருந்து பிரியும் பங்குதாரருக்கு மட்டும், நியாயமான காலத்துக்கும் நியாயமான எல்லைக்கும் உட்பட்டுத் தடை விதிக்கக் கூட்டாண்மைச் சட்டம் இடம் தருகிறது. எனவே இரண்டு ஆண்டு, புகைப்புரை இருக்கும் ஊராட்சி எல்லை என்று குறுக்கி எழுதினார். நண்பர் சிறிது யோசித்துவிட்டு, இறைவேதத்தில் இடமில்லாத நிபந்தனை நூறு நிபந்தனையானாலும் செல்லாது என்ற நபிமொழியைச் சொல்லித் தாமே சமாதானமானார். அந்த நபிமொழியை எவ்வளவு அகலமாகப் பொருள்கொள்வது என்பதில் அறிஞர்களிடையே பெரும் விவாதமே நடந்திருக்கிறது. வெளிப்படையாக அனுமதிக்கப்பட்ட நிபந்தனைகள் மட்டுமே செல்லும் என்றார் ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம். வெளிப்படையாகத் தடுக்கப்படாதவை எல்லாம் செல்லும் என்றார் இப்னு தைமிய்யா. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பொதுக்கொள்கைக்கு முரணான நோக்கமுடைய உடன்பாடு செல்லாது என்கிறது. எல்லை வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். அந்த எல்லையை வரைவது யார் என்பதில்தான் பிரிகிறார்கள். நம் சட்டத்தில் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் வரைகின்றன. இஸ்லாமிய மரபிலோ அது ஆட்சியாளருக்கும் மேலே ஏற்கெனவே வரையப்பட்டிருக்கிறது என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குள்ளும் அரசு மெல்ல நுழைந்ததற்குப் பெரிய சான்று மஜல்லா. அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை ஒட்டோமான் அரசு தொகுத்த அந்தச் சட்டத்தில் 1851 பிரிவுகள் உள்ளன; பெரும்பாலும் ஹனஃபி மரபின் விதிகள். உள்ளடக்கம் அறிஞர்களுடையது, ஆனால் பல கருத்துகளில் இதுவே செல்லும் என்று தேர்ந்தெடுத்த கை சுல்தானுடையது. ஒப்பந்தங்களில் சொற்களையும் வடிவத்தையும் விட நோக்கத்தையும் பொருளையுமே கொள்ள வேண்டும் என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. நம் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிறந்ததும் அதே பத்தாண்டுக்குள்தான் என்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் அவர்கள் வியந்திருக்கிறார்கள்.

ஆட்சியதிகாரமே ஓர் ஒப்பந்தம் என்ற எண்ணமும் இரு மரபுகளிலும் உண்டு. 1058-இல் மறைந்த இஸ்லாமியச் சட்ட அறிஞர் அல்-மாவர்தி, தலைமைப் பதவி தேர்வாளர்களுக்கும் தலைவருக்கும் இடையேயான ஒப்பந்தத்தால் உருவாவதாகக் கூறி, தலைவருக்குப் பத்துக் கடமைகளைப் பட்டியலிட்டார். ஹாப்ஸின் உடன்படிக்கையிலோ மக்கள் தங்களுக்குள் மட்டுமே கையெழுத்திடுகிறார்கள். அரசர் அதில் ஒரு தரப்பே இல்லை, ஆகவே அவர் அதை மீறினார் என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு முன்பே, 1576-இல், அரசர் தாம் இயற்றிய சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரல்லர், ஆனால் தாம் செய்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று பிரெஞ்சு அறிஞர் ழான் போதான் எழுதியிருந்தார். பெரியவரின் அலுவலகத்துக்கு அருகிலேயே நிற்கும் அரண்மனையிலிருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மா, 1750 ஜனவரி 3-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் தம் நாட்டையே பத்மநாபசுவாமிக்குத் தானமாக எழுதிக்கொடுத்து, இறைவனின் அடியவராக ஆள்வதாக ஏற்றுக்கொண்டார். குடிமக்கள் அதில் ஒரு தரப்பாக இல்லாவிட்டாலும், ஆள்பவருக்கு மேலே ஓர் உடைமையாளரைக் காட்டிய ஆவணம் அது.

பதிவைப் பற்றிப் பெரியவர் சொன்னவை நடைமுறையில் மிகவும் பயனுள்ளவை. கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத நிறுவனம் தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வெளியார்மீது ஒப்பந்த அடிப்படையில் வழக்குத் தொடர முடியாது என்பது 69-ஆம் பிரிவு. எங்களிடம் ஷீட் வாங்கியவர் பணம் தராவிட்டால் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். ஒப்பந்தத்தை அரசு தடுக்கவில்லை. நீதிமன்றக் கதவை மட்டும் சாத்திவைக்கிறது. புகைப்புரைக்கான இடத்தைப் பாட்டத்துக்கு எடுக்கும் பத்திரத்திலும் இதே கதைதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதனால்தான் ஊரெங்கும் 11 மாத ஒப்பந்தங்கள். ஷெட் போட்டு அடுப்புக் கட்டும் இடத்துக்கு 11 மாதம் என்று எழுதுவது ஆபத்து என்று சொல்லி, ஐந்தாண்டுக்கு எழுதிப் பதிவு செய்யவைத்தார். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கூடியது. அந்தச் செலவு எங்களுக்கு வருத்தமளிக்கவில்லை.

தம் காலத்து நகரங்களில் ஒப்பந்தங்களுக்குச் சாட்சியெழுதும் நேர்மையாளர்கள் தங்களுக்கென்று கடைகளும் திண்ணைகளும் வைத்து அமர்ந்திருப்பார்கள், கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் அங்கே தேடிப் போவார்கள் என்று 14-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் விவரித்திருக்கிறார். அவர்களை அனுமதிப்பதும் அவர்களுடைய நேர்மையை விசாரிப்பதும் காழியின் பொறுப்பு. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் ஒற்றியும் விலையும் எழுதிவைத்த நாஞ்சில் நாட்டு எழுத்தர்களும் அந்த இனத்தவர்களே. நல்ல எழுத்தர் இல்லாத ஊரில் எவ்வளவு நல்ல சட்டமும் ஏழைக்கு எட்டாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தகராறு வந்தால் ஜமாஅத் தீர்க்கட்டும் என்பது நண்பரின் விருப்பம். எனக்கும் அதில் மறுப்பில்லை. பொதுவாக 'ஜமாஅத்' என்று எழுதினால் நாளைக்கு யார் ஜமாஅத் என்பதே வழக்காகிவிடும் என்று கூறி, 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்துக்குப் பொருந்துமாறு பெரியவர் எழுதினார். மூன்று நடுவர்கள், என் தரப்பில் ஒருவர், நண்பர் தரப்பில் ஒருவர், இருவரும் சேர்ந்து தெரிவுசெய்யும் மூன்றாமவர். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் இந்தியச் சட்டத்தையும் எங்கள் பத்திரத்தின் ஷரத்துகளையும் கொண்டு தீர்ப்பார்கள். அந்தத் தீர்ப்பை நீதிமன்ற ஆணைபோல நிறைவேற்றலாம். பொதுக்கொள்கைக்கு முரணானால் நீதிமன்றம் அதை நீக்கலாம். பத்திரத்திலேயே இலாபமும் நட்டமும் முளாரபா முறையில் எழுதப்பட்டுவிட்டதால், நடுவர்கள் இந்தியச் சட்டப்படி தீர்த்தாலும் நண்பரின் நெறிக்கு முரணாகாது. எங்கள் பத்திரத்திலேயே மிகச் சிறப்பான ஷரத்து இதுதான் என்பேன். தனியார் நியமித்த நடுவருக்கு அரசு தன் வாளை இரவல் கொடுக்கிறது, ஆனால் பிடியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது.

குறைகளும் உண்டு. கட்டணப் பட்டியல் சுவரில் இல்லை. கேட்டால் வாய்வழியாகச் சொல்கிறார். சொன்ன தொகைக்கு மேல் எங்களிடம் வாங்கவில்லை என்றாலும், எழுத்தின் அருமையை இவ்வளவு அறிந்தவர் தம் கட்டணத்தை எழுதிவைக்காதது எனக்கு ஏற்புடையதாக இல்லை. முதல் நகலைக் கையால்தான் எழுதுகிறார். தட்டச்சுக்கு வெளியே அனுப்புவதால் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் மறுபடி வர வேண்டியிருக்கிறது. தட்டச்சானதில் என் பங்கு 40 என்பது ஓர் இடத்தில் 60 என்று விழுந்திருந்தது. உரக்கப் படித்துக்காட்டும் பழக்கம் இருந்ததால்தான் கையெழுத்துக்கு முன் அது பிடிபட்டது. வரி தொடர்பான கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வதில்லை, தணிக்கையாளரிடம் அனுப்பிவிடுகிறார். இதை நான் குறையாகக் கருதவில்லை. முன்னறையில் மூன்று பேருக்கு மேல் உட்கார இடமில்லை; வயதானவர்களை அழைத்துச் செல்வோர் காலை நேரத்திலேயே போவது நல்லது.

அவசரமாக ஒரே நாளில் பத்திரம் வேண்டுமென்பவர்கள் வேறிடம் பார்த்துக்கொள்ளலாம். போகிறவர்கள் அடையாள அட்டைகளையும், இடம் சம்பந்தப்பட்டதானால் முன் ஆதாரங்களின் நகலையும், இரண்டு சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். கூட்டாளிகள் எல்லோரும் நேரில் வந்தாக வேண்டும். வளைகுடாவில் இருக்கும் தம்பிக்காகத் தொலைபேசியில் சம்மதம் வாங்கித்தருவதாக நாங்கள் இருந்தபோதே ஒருவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அதிகாரப் பத்திரம் முறைப்படி வரட்டும் என்று சொல்லிப் பெரியவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.